தரம் குறைந்தால் வீடு விழும்: கொல்கத்தாவின் பாரம்பரியப் பட்டியல் யாரைக் காக்கிறது?

கொல்கத்தாவின் லிட்டில் ரஸ்ஸல் தெருவில் ஓல்ட் கெனில்வொர்த் ஹோட்டல் என்றொரு கட்டடம் இருந்தது. மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அது 2-ஏ தரத்தில் இடம்பெற்றிருந்தது. அத்தரத்தைச் சேர்ந்த கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது என்பது விதி. பின்னர் அது மூன்றாம் தரத்துக்கு இறக்கப்பட்டது. மூன்றாம் தரக் கட்டடத்தை அனுமதி பெற்று இடிக்கலாம். இடித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு பலகை வைத்தால் போதும். ஹோட்டல் இடிக்கப்பட்டது. 2-ஏ தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தக் கட்டடத்தின் தூண்களோ சுவர்களோ வரலாறோ மாறிவிடவில்லை. மாறியது பதிவேட்டில் இருந்த ஒரு குறி மட்டுமே.

இந்த நிகழ்வை ஒரு தனி முறைகேடாகக் கருதி ஊழல் உண்டா இல்லையா என்று விவாதிப்பது எளிது. அந்த விவாதம் தேவையற்றது. ஊழல் சிறிதும் இல்லாமல், விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியே ஒரு வீட்டைப் பட்டியலிலிருந்து மண்ணுக்கு இறக்க முடியும் என்பதே இதில் கவலைக்குரியது. கொல்கத்தாவின் பாரம்பரிய விதிகள் காக்கவேண்டிய வீட்டுக்கு ஒரு தரத்தைக் கொடுக்கின்றன. அத்தரத்துக்கான காரணத்தை ஊரார் முன் வைப்பதில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு கடமையைக் கொடுக்கின்றன. அக்கடமையை நிறைவேற்றும் பொருளைக் கொடுப்பதில்லை. காரணமும் பொருளும் இல்லாத பட்டியலைப் பாதுகாப்பு என்று அழைப்பது சொல்லைத் தவறாகக் கையாள்வதாகும்.

சட்டத்தின் சொற்களிலிருந்தே தொடங்கலாம். 1980ஆம் ஆண்டின் கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைப் பேணுவதற்கென ஓர் அத்தியாயம் பின்னர் சேர்க்கப்பட்டது. வரலாறு, கட்டடக்கலை, சுற்றுச்சூழல், சூழலியல் ஆகிய நோக்கங்களுக்காகப் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமே பாரம்பரியக் கட்டடம் என்பது அதன் வரையறையின் சாரம். எது பாரம்பரியக் கட்டடம்? பாதுகாக்கப்பட வேண்டியது. எதைப் பாதுகாக்க வேண்டும்? பாரம்பரியக் கட்டடத்தை. வட்டம் முழுமையடைகிறது. 'வேண்டிய' என்ற சொல்லுக்கு எழுவாய் இல்லை. யாருக்கு வேண்டியது, யார் வேண்டுகிறார், எந்த அளவுகோலால் என்ற மூன்று வினாக்களையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. இத்தகைய வரையறை தன்னளவில் குற்றமன்று; எல்லா நாட்டுச் சட்டங்களிலும் இப்படிப்பட்ட திறந்த சொற்கள் உண்டு. ஆனால் சொல் திறந்திருக்கும் இடத்தில், அதை ஒரு குறிப்பிட்ட வீட்டின்மீது ஏற்றிச் சொல்பவர் தம் காரணத்தை எழுதிக் காட்டியாக வேண்டும். கொல்கத்தாவில் இந்த இரண்டாம் பாதி நலிந்து கிடக்கிறது.

தரம் பற்றிய பரிந்துரை பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடமிருந்து வருகிறது. மாநகராட்சி ஆணையர் தலைமையிலான அக்குழுவில் கட்டடக்கலைஞர், வரலாற்றறிஞர், ஓவியர், சூழலியலாளர் போன்றோருக்கு இடமுண்டு. வீட்டு உரிமையாளர்களுக்கோ, வாடகைக்குக் குடியிருப்போருக்கோ, அத்தெருவில் வாழ்வோருக்கோ தனி இருக்கை இல்லை. முதல் தரம், 2-ஏ, 2-பி, மூன்றாம் தரம் என்ற நான்கு நிலைகளில் முதல் மூன்றும் காக்கின்றன, நான்காவது நினைவுகூர்கிறது. ஆகவே 2-பிக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள கோடுதான் உண்மையான எல்லை. அந்தக் கோட்டை ஒரு வீடு எந்தப் பக்கம் கடக்கிறது என்பது நகரத்தின் முகத்தையே தீர்மானிக்கும் முடிவு. அம்முடிவு ஓர் அறைக்குள் எடுக்கப்படுகிறது. மேற்கு வங்கப் பாரம்பரிய ஆணையம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மாநில அளவில் இதே பணிக்கென அது இருக்கிறது. இரண்டு அமைப்புகள் இருப்பதால் காப்பு இரட்டிப்பாகும் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில், ஒரு வீடு விழுந்த பின் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்ற குழப்பமே இரட்டிப்பாகிறது.

காரணம் கேட்பது புதிய கோரிக்கையன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கும் நீதித்தன்மை கொண்ட முடிவுகளுக்கும் உரிய காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குப் பொது அதிகார அமைப்பு தானாகவே தரவேண்டும் என்கிறது. யாரும் மனுப்போட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே சிக்கல் மீண்டும் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது: 'பாதிக்கப்பட்டோர்' யார்? தரக்குறைப்பை உரிமையாளரே கேட்டுப் பெறும்போது, அவர் பாதிக்கப்பட்டவர் அல்லர், பயனடைந்தவர். அவருக்குக் காரணம் தேவையில்லை. காரணம் தேவைப்படுவது எதிர்வீட்டாருக்கும், அத்தெருவில் நாள்தோறும் நடப்பவருக்கும், அந்நகரத்தைப் படிக்கும் மாணவருக்கும். ஒரு கட்டடம் 'பொதுநலனுக்காக' பட்டியலில் ஏற்றப்பட்டது என்றால், அதை இறக்கும்போது பாதிக்கப்படுவதும் அதே பொதுமக்கள்தாம். ஏற்றும்போது பொதுமக்களின் பெயரைச் சொல்லி, இறக்கும்போது அவர்களை மூன்றாம் தரப்பாக்குவது எந்தத் தருக்கத்திலும் அடங்காது.

வேறு நகரங்கள் இதை வேறுவிதமாகக் கையாண்டிருக்கின்றன. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இலேயே பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றை வரையறுத்து, அங்குள்ள வீடுகளின் வெளிமாற்றங்களை ஆராய ஒரு வாரியத்தை அமைத்தது. பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963இல் இடிக்கத் தொடங்கப்பட்ட அதிர்ச்சிக்குப் பின், நியூயார்க் 1965இல் தன் அடையாளச் சின்னங்களுக்கான சட்டத்தை இயற்றியது. ஒரு கட்டடத்தைச் சின்னமாக அறிவிக்குமுன் பொது விசாரணை நடத்துவது அதன் நடைமுறை. அந்நகரங்களில் எல்லாம் நலமாக நடக்கிறது என்பதன்று வாதம். அங்கே தோற்பவருக்குத் தாம் எந்த வாதத்திடம் தோற்றோம் என்பதாவது தெரியும்.

இனிப் பொருளின் பக்கம் வரலாம். பாரம்பரியக் கட்டடத்தைப் பேணிக் காப்பது உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் கடமை என்று சட்டம் விதிக்கிறது. வட கொல்கத்தாவின் பழைய வீடு ஒன்றின் உரிமையாளர் யார் என்று கேட்டால், விடை ஒரு பெயராக இராது. ஒரு குடும்ப மரமாக இருக்கும். வங்கத்தின் மரபான தாயபாக முறையில், தந்தை இறந்தபின் ஒவ்வொரு வாரிசுக்கும் வரையறுத்த பங்கு உண்டு. மூன்று தலைமுறை கடந்தால் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல பங்காளிகள். அவர்களை வங்காளியர் 'சரிக்' என்பர். ஒருவர் கூரையைச் செப்பனிட விரும்புவார், மற்றவர் விற்க விரும்புவார், வேறொருவர் வெளிநாட்டில் இருப்பார். கீழ்த்தளத்தில் பழைய வாடகைச் சட்டத்தின் காலத்திலிருந்து குடியிருப்பவரின் வாடகை, ஒரு சன்னலைச் செப்பனிடவும் போதாது. சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும்; மரச் சட்டங்கள் அடுக்கிய 'கொர்கொரி' சன்னலுக்குத் தச்சரைத் தேட வேண்டும். இவ்வளவையும் தனிக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு, பயனை மட்டும் நகரம் எடுத்துக்கொள்கிறது.

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. பாரம்பரியக் கட்டடத்துக்கு மாநகராட்சி வரிவிலக்குத் தரலாம். கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றித் தரவும் அந்த அத்தியாயம் இடமளிக்கிறது. ஆனால் 'தரலாம்' என்பது ஒருவருக்கும் தராமலே இருக்கவும் அனுமதிக்கும் வினைமுற்று. கடமையைச் சொல்லுமிடத்தில் கட்டாய வடிவமும் உதவியைச் சொல்லுமிடத்தில் விருப்ப வடிவமும் வருகின்றன. சட்டத்தின் மனச்சாய்வை அறிய அதன் முன்னுரையைப் படிப்பதைவிட அதன் வினைமுற்றுகளை எண்ணிப் பார்ப்பது நலம்.

இதற்கு நேரெதிராக மற்றொரு விதி இயங்குகிறது. அடிக்கடி பழைய கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேர்வதைத் தடுக்க, ஆபத்தான நிலையை எட்டிய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்க மாநகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. குடியிருப்போரின் உயிரைக் காக்கும் நோக்கம் நியாயமானது. வாடகைதாரருக்கு மறுகுடியமர்வு கிடைக்கச் செய்வதும் நல்லதே. ஆனால் இரு விதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் கிடைக்கும் பாடம் என்ன? வீட்டைப் பேணினால் உறுதியான பலன் எதுவுமில்லை. அது சிதையும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் கூடுதல் தளங்கள் கிடைக்கும். கூரையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குபவர் நட்டமடைவார். அதை வளரவிடுபவர் லாபமடைவார். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள எந்த புரமோட்டருக்கும் பொருளியல் பட்டம் தேவையில்லை. நகரமே அழிவுக்குப் பரிசு அறிவித்துவிட்டு, அழிவைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறது.

தடை மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றாது என்பதைச் சென்னையும் நன்கறியும். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் முயற்சி 2006இல் நீதிமன்றம் சென்றது, இடிப்பு நின்றது. சிதைவு நிற்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் மழையும் மரவேர்களும் தம் வேலையைத் தொடர்ந்தன. வழக்கில் வென்றும் சிதைந்துகொண்டே நிற்கும் கட்டடம் அது. புதுச்சேரியில் வேறொரு பாதை முயலப்பட்டது. இன்டாக் அமைப்பு, வீட்டுக்காரர் செலவிடும் தொகைக்கு ஈடாக உதவித்தொகை அளித்துத் தமிழர் பகுதித் தெருக்களின் முகப்புகளை மீட்டது. திண்ணையும் தூண்களும் கொண்ட வைசியாள் தெரு அப்படி மீண்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே வீட்டுக்காரர் குற்றவாளியாக அல்லாமல் கூட்டாளியாக நடத்தப்பட்டார். கொல்கத்தாவிலும் இது இயலாததன்று. பாரதி தம் குருவாக ஏற்ற சகோதரி நிவேதிதை வாழ்ந்த பாக்பஜார் போஸ்பாடா சந்து வீட்டை அரசு கையகப்படுத்தி சாரதா மிஷனிடம் ஒப்படைத்தது. முறையாகப் புதுப்பிக்கப்பட்டு இன்று அது அருங்காட்சியகமாக நிற்கிறது. பணமும் மனமும் சேர்ந்தால் வீடு நிற்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிவேதிதை வாழ்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஜமீன்தார்களும் ஆங்கிலேய வணிகர்களும் உழவரின் உழைப்பைச் சுரண்டிக் கட்டிய மாளிகைகளை, குடியிருப்புக்கு ஏங்கும் நகரம் ஏன் காக்க வேண்டும்? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பட்டியலின் கண்ணில் முதலில் படுவது பெருந்தூண்களும் பெரும்பெயர்களும்தாம். ஆனால் கொல்கத்தாவைக் கொல்கத்தாவாக்கியவை அவை மட்டுமல்ல. நாவலாசிரியர் அமித் சௌதுரி 2015இல் தொடங்கிய 'கல்கத்தா ஆர்க்கிடெக்சுரல் லெகசீஸ்' இயக்கம் இந்த இடத்தில்தான் விவாதத்தைத் திசைதிருப்பியது: ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தரும் வழக்குரைஞரும் கட்டி வாழ்ந்த பெயரற்ற நடுத்தர வீடுகளைப் பற்றி அது பேசியது. சிவப்புத் தரை, பச்சைச் சன்னல், வளைந்த பால்கனி, தெருவைப் பார்த்த 'ரோவாக்'. ரோவாக் என்பது நம் திண்ணையின் வங்க உறவு. மாலையில் அதில் அமர்ந்து பேசும் பேச்சிலிருந்து இதழ்களும் நாடகக் குழுக்களும் கட்சிகளும் பிறந்தன. ஜமீன்தார் மாளிகையை வெறுப்பவரும் இவ்வீடுகளை வெறுக்கக் காரணமில்லை. ஆனால் பெருமகன் பிறக்காத, பெரும்பொறியாளர் வரையாத இவ்வீடுகளுக்குத் தரவரிசையில் இடம் கிடைப்பதே அரிது. அடுக்கடுக்காய் இவை விழும்போது எந்தத் தரமும் குறைக்கப்படுவதில்லை. ஏனெனில் குறைப்பதற்குத் தரமே இருந்ததில்லை.

தென் கொல்கத்தாவின் ஹிந்துஸ்தான் பார்க் இதற்கு நல்ல சான்று. 1926இல் வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய பெருநூலை வெளியிட்ட சுநீதி குமார் சாட்டர்ஜியின் வீடான 'சுதர்மா' அங்குதான் இருக்கிறது. பிற்காலத்தில் அதில் ஒரு துணிக்கடை இயங்கத் தொடங்கியது. மொழியியலாரின் வீட்டில் துணி விற்பதைக் கேட்டுப் புண்படுவோர் உண்டு. புண்படத் தேவையில்லை, கடையாகவேனும் வீடு நிற்கிறது. கவலைப்பட வேண்டியது அதைச் சுற்றியுள்ள தெருக்களைப் பற்றி. சுநீதி குமாரின் வீட்டுக்கு ஒரு பெயரும் கதையும் உண்டு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் லேக் மார்க்கெட். அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாடகைக்கு வாழ்ந்த பகுதி. வங்க வழக்கில் 'பாரி' என்பது குடும்பத்தின் சொந்த வீடு, 'பாஷா' என்பது தங்கியிருக்கும் இருப்பிடம் என்றொரு வேறுபாடு உண்டு. பாரம்பரியப் பட்டியல் பாரிகளின் பட்டியல். பாஷாக்களுக்கு அதில் இலக்கணமே இல்லை. வந்தேறிகளால் ஆன ஒரு துறைமுக நகரம், தன் வந்தேறிகள் வாழ்ந்த வீடுகளை நினைவின் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

அடுத்த மறுப்பு சொத்துரிமை பற்றியது. தன் நிலத்தில் கட்டவோ இடிக்கவோ ஒருவருக்கு உரிமை இல்லையா? உண்டு, வரம்புகளுடன். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பும் உரிமை மறுக்கப்பட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் நகரத்தின் பக்கம் நின்றது. அத்தீர்ப்பில் கவனிக்க வேண்டியது, உரிமையாளருக்கு அங்கே கட்டும் உரிமை மறுக்கப்பட்டாலும் அவ்வுரிமையை அருகிலுள்ள வேறு மனைக்கு மாற்ற வழி இருந்ததை நீதிமன்றம் எடைபோட்டது. கட்டுப்பாட்டின் நியாயம் ஈடு செய்வதிலும் தங்கியிருக்கிறது. மும்பை 1995இல் பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்தபோது இத்தகைய மாற்று உரிமைக்கு இடம் வைத்தது. மும்பையின் அனுபவம் எச்சரிக்கையும் தருகிறது: அத்தீவு நகரில் ஈட்டிய உரிமை வடக்குப் புறநகர்களில் அடுக்குமாடிகளாய் எழுந்தது, ஒரு பகுதியின் அழகுக்கு இன்னொரு பகுதி நெரிசலால் விலை கொடுத்தது. ஆகவே கொல்கத்தா அதை அப்படியே எடுக்காமல், பெறும் பகுதிகளின் சாலையையும் நீரையும் வடிகாலையும் கணக்கிட்டு எல்லை வகுத்து எடுக்க வேண்டும். குறை உண்டு என்பதற்காக ஒன்றுமே செய்யாதிருப்பது புரமோட்டருக்கு மட்டுமே உவப்பான நடுநிலை.

கல்வியுலகம் இவ்விவாதத்தில் நடுவர் நாற்காலியில் அமர முடியாது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டு நினைவுக் கட்டடத்துக்காக, தன் சொந்த செனட் மாளிகையை 1960இல் இடித்தது. நூறாண்டைக் கொண்டாட, அந்த நூறாண்டின் பெரும்பகுதிக்குச் சாட்சியாய் நின்ற கட்டடம் பலியானது. டல்ஹவுசி சதுக்கத்தின் கரன்சி கட்டடத்தை 1990களில் இடிக்கத் தொடங்கியதும் தனியார் அல்லர், அரசுத் துறையே. மைய மண்டபத்தின் குவிமாடம் போன பின்புதான் அது தடுக்கப்பட்டது. பின்னர் தொல்லியல் துறை மீட்டு, 2020இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. இடிப்பது எப்போதும் பேராசை கொண்ட புரமோட்டர்தான் என்ற கதை, அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மிகவும் வசதியான கதை.

தீர்வுகள் அறியாதவை அல்ல. ஒவ்வொரு தரத்துக்கும், ஒவ்வொரு தரமாற்றத்துக்கும் எழுத்திலான காரணம் வேண்டும். அது வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பொதுவில் வெளியாக வேண்டும். தரக்குறைப்புக்கும் இடிப்பு அனுமதிக்கும் இடையே, தெருவார் மறுப்புத் தெரிவிக்கப் போதிய காலமும் பொது விசாரணையும் வேண்டும். ஆபத்தான கட்டடத்தை இடிப்பவருக்குக் கிடைக்கும் பலனைவிட, பேணுபவருக்குக் கிடைக்கும் பலன் ஒரு படியேனும் மிகுந்திருக்க வேண்டும். 'தரலாம்' என்பது 'தர வேண்டும்' ஆக வேண்டும். தனி மாளிகையை மட்டுமன்றித் தெருவை ஓர் அலகாகக் கொண்டு காக்க வேண்டும். வாடகைதாரரின் இருப்பு உறுதி செய்யப்பட வேண்டும். இல்லையேல் மீட்கப்படும் ஒவ்வொரு வீடும் விலையுயர்ந்த விடுதியாகி, அதைத் தம் வீடாக வைத்திருந்த மக்கள் வெளியேற்றப்படுவர்.

இவற்றுள் முதலாவதற்குப் பணமோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு தாளும், அதில் காரணத்தை எழுதிக் கையொப்பமிடும் துணிவும் போதும். லிட்டில் ரஸ்ஸல் தெருவில் போனது திரும்பாது. அடுத்த வீட்டின் தரம் குறையும்போதாவது ஏன் குறைகிறது என்பதை அறியும் உரிமை, அவ்வீட்டின் ரோவாக்கில் ஒருநாள் அமர்ந்து எழுந்தவருக்கும் உண்டு. அந்தக் காரணம், வீடு நின்றுகொண்டிருக்கும்போதே சொல்லப்பட வேண்டும். விழுந்தபின் வைக்கும் பலகையில் அதற்கு இடமிராது.